மலையில் எறிந்ததும் மட்டி உண்டதும்

(கருத்துக் கட்டுரை)



‘நம் ஊரில் கடலே இல்லையே, ஐயா! கடல் மாசைப் பற்றி நாம் ஏன் படிக்க வேண்டும்?’ என்று வகுப்பில் ஒரு மாணவி வினவினாள். நல்ல வினா. மூணாற்றின் தேயிலைச் சரிவிலும் கொழிஞ்சாம்பாறையின் வயல்வெளியிலும் வாழும் நமக்குக் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், கடலின் தூய்மைக்கு மலைவாழ் மக்களாகிய நாமும் பொறுப்பாவோம் என்பதே என் கருத்து.

மூணாறு என்னும் பெயரே மூன்று ஆறுகள் கூடுமிடத்தைக் குறிப்பது. அங்கிருந்து செல்லும் முதிரப்புழை பெரியாற்றை அடைகிறது. 244 கிலோமீட்டர் நீளமுள்ள பெரியாறு, கொச்சிப் பகுதியில் வேம்பநாட்டுக் காயலோடும் அரபிக்கடலோடும் கலக்கிறது. ஆனைமலையில் தோன்றும் பாரதப்புழை பாலக்காட்டைக் கடந்து பொன்னானியில் கடலைச் சேர்கிறது. ஓடையோரம் நாம் வீசும் மிட்டாய் உறையும் நெகிழிப் பையும் மழைக்காலத்தில் இதே வழியில்தான் செல்கின்றன. அணைகளில் சில தங்கிவிடும். எஞ்சியவை கடலை அடையும்.

நெகிழி மட்குவதில்லை, வெயிலாலும் அலையாலும் நொறுங்கிச் சிறுத்துக்கொண்டே போகிறது. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான துகள்களை நுண்நெகிழி என்பர். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, வேம்பநாட்டுக் காயலின் அடிமண்ணில் எடுத்த மாதிரிகள் அனைத்திலும் நுண்நெகிழி இருந்ததைக் காட்டியது. அக்காயல் கறுப்புக் கக்காவுக்குப் பெயர்பெற்றது. கக்கா, மட்டி, கல்லுமக்காய் போன்றவை நீரை உள்ளிழுத்து வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழ்பவை. வேண்டாத துகள்களை அவை ஓரளவு வெளியே தள்ளினாலும், முழுவதும் விலக்க இயலாது. பெரிய மீனைக் குடல் நீக்கிச் சமைக்கிறோம். மட்டியையோ குடலோடு உண்கிறோம். மலையில் எறிந்தது இவ்வாறு உணவுத் தட்டுக்கே திரும்பி வருகிறது.

‘அப்படியாயின் மட்டி உண்பதை நிறுத்திவிடலாமே’ எனச் சிலர் கூறுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நுண்நெகிழி உப்பிலும் குடிநீரிலும்கூடக் கண்டறியப்பட்டுள்ளது. ஓர் உணவை ஒதுக்குவதால் தீங்கு நீங்காது. காயலில் மூழ்கிக் கக்கா அள்ளும் குடும்பங்களின் பிழைப்பே கெடும். மாசு செய்தவரை விட்டுவிட்டு, மாசினால் வருந்துவோரைத் தண்டிப்பது முறையன்று. நுண்நெகிழி மனித உடலுக்கு எவ்வளவு தீங்கு விளைவிக்கும் என்பதை அறிவியல் இன்னும் அளந்து முடிக்கவில்லை. ஆனால், அதுவரை காத்திருப்பதும் அறிவுடைமை ஆகாது. கடலில் பரவிய துகள்களை முழுவதும் திரும்பச் சேகரிக்க எக்கருவியாலும் இயலாது.

பொறுப்பு நமக்கு மட்டும் உரியதன்று. 2021இல் கொழும்புக்கு அருகே தீப்பற்றி மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் நெகிழி மணிகள் இருந்தன. 2025 மே 25 அன்று கொச்சிக் கடலில் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ மூழ்கியபோது, நெகிழி மணிகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் ஒதுங்கின. அதே ஆண்டு ஜூலையில், கொழும்பு விபத்துக்காகக் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்க வேண்டுமென இலங்கை உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பெரியோர் செய்த பிழைக்குப் பெரிய விலை உண்டு என்பது சரியே. அதனால் நம் சிறு பிழை பிழையன்று என்றாகிவிடாது.

2017இல் கொல்லம் மாவட்ட மீனவர்கள், ‘சுசித்வ சாகரம்’ திட்டத்தின்கீழ், வலையில் சிக்கிய நெகிழியைக் கடலில் மீண்டும் வீசாமல் கரைக்குக் கொண்டுவந்தனர். அது பொடியாக்கப்பட்டுச் சாலை அமைக்கப் பயன்பட்டது. கடலில் உழைப்போர் பிறர் எறிந்ததைச் சுமந்து வருகின்றனர். நாம் எறியாமல் இருப்பது அதைவிட எளிது அன்றோ? நெகிழியைக் கழுவி உலர்த்தி ஹரித கர்ம சேனையிடம் ஒப்படைப்போம். கடைக்குத் துணிப்பை எடுத்துச் செல்வோம். ஓடையில் எதையும் வீசோம்.

அந்த மாணவிக்கு என் விடை இதுவே: நம் ஊரில் கடல் இல்லை, மகளே, ஆனால் கடலுக்குச் செல்லும் நீர் நம் ஊரில்தான் தொடங்குகிறது.

சிந்தித்து எழுதுக
1. உங்கள் வீட்டருகே ஓடும் நீர் எந்த ஆற்றில் கலந்து எங்கே கடலைச் சேர்கிறது?
2. ‘மட்டி உண்பதை நிறுத்துவதே தீர்வு’ – இக்கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் தருக.