வீடு போன பிறகு
ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில், தந்தை இறந்ததும் டாஷ்வுட் சகோதரிகள் வளர்ந்த வீட்டை இழக்கிறார்கள். பியானோவும் ஓவியமும் கற்ற அவர்களுக்குச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை; வளர்ப்பு அப்படி. அந்த நாவலைத் தழுவி 2000இல் ராஜீவ் மேனன் எடுத்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில், காரைக்குடி மாளிகையை விட்டுச் சென்னைக்கு வரும் மூத்த சகோதரி சௌம்யா மென்பொருள் நிறுவனமொன்றில் தொலைபேசி எடுக்கும் வேலையில் சேர்கிறாள். மூலக்கதையில் செய்த மாற்றங்களில் மிக நேர்மையானது இதுதான். திருப்பூரின் வீரபாண்டிப் பகுதிக்கு இது பழகிய காட்சி: மானாவாரிக் காடு பொய்த்த குடும்பத்துப் பெண், படி தாண்டாதே என்று வளர்க்கப்பட்டவள், பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் நின்று துணியில் ஓட்டை தேடுகிறாள், சனிக்கிழமை சம்பளம் அவள் கைக்கே வருகிறது.