கடல் என்ன, வாயைப் பிளந்துகொண்டா காத்திருக்கிறது?

ஒரு மழை பெய்துவிட்டால் போதும், எங்கள் குடியிருப்பில் யாராவது ஒருவர் பொறியாளர் ஆகிவிடுகிறார். போன வாரம் மூன்றாவது மாடிக்காரர் திருவாய் மலர்ந்தார்: "கடல் பக்கத்துலயே இருக்கு சார், தண்ணி தானா ஓடிடாதா? வடிகால் காசை எவனோ தின்னுட்டான்." சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சென்னையில் முக்கால்வாசிப் பேரின் நம்பிக்கை இதுதான். கடலோர ஊர் என்றால் தரை கடலைப் பார்த்துச் சரிந்தே கிடக்குமாம்!

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத் தண்ணீரிடம் போய் இதைச் சொல்லுங்கள். கிழக்கே சில கிலோமீட்டரில் வங்கக் கடல், நடுவில் மணல்மேடு. ஆகவே அது ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காடு வரை போய், அங்கே முகத்துவாரத்தை மணல் அடைக்காமல் இருந்தால்தான் கடலைப் பார்க்கும். அதுவும் படகு விட வெட்டிய கால்வாய், சரிவு ஏது? வடக்கே அதற்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்ட புண்ணியவான்கள் நாம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, பொங்கி நின்ற கடல் தண்ணீரை வாங்க மறுத்தது. சதுப்பை ஒட்டிய வேளச்சேரித் தெருவில் படகு ஓடியது. கடல் அன்றைக்கும் பக்கத்தில்தான் இருந்தது!

நம் மூன்றாவது மாடிக்காரர் சும்மா இருந்தாரா? கடப்பாரையோடு இறங்கிப் பாதாளச் சாக்கடை மூடியை நெம்பித் திறந்தார். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, சாக்கடை குடிநீர் வாரியத்துடையது, இரண்டும் வேறு. வீட்டுக் கழிவுக்குப் போட்ட குழாயில் தெருத் தண்ணீர் மொத்தமும் இறங்கினால், தரைத்தள வீட்டுக் கழிவறையில் குமிழியிட்டு மேலே வரும். வந்தது. கழிவுக் குழாயை மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் சொருகும் மகான்கள் தனி ரகம். அடைத்துக்கொண்டால் பாதுகாப்புக் கருவி எதுவுமின்றிக் குழிக்குள் இறங்க மட்டும் ஆள் தேடுவார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது யார் காதில் விழுந்தது?

சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு வீட்டு வாசலைப் பள்ளமாக்கும் ஒப்பந்ததாரரை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

ஒருகாலத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் இன்று மிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மீதியில் 'லேக் வியூ' குடியிருப்புகள். கடற்கரை பத்தே நிமிடம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். தரைமட்டம் எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள். விற்பவர் காபி சாப்பிடுகிறீர்களா என்பார்.