மழையும் விளக்குத் தோரணமும்

வடகிழக்குப் பருவமழையும் நம் விளக்குத் திருநாள்களும் சேர்ந்தே வருவன. ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் தீபம். சித்தூரிலும் திருப்பதியிலும் அது வானம் பொழியும் காலம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புரண்டோடியதை இங்குள்ள நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். மறுநாள் திருக்கார்த்திகை. அகல்விளக்கு மழையில் அணைந்துபோகும். அதனால் எவர்க்கும் தீங்கில்லை. மாடியிலும் வாயிற்கதவிலும் நாம் கட்டும் மின்விளக்குத் தோரணமோ நனைந்த பின்னும் எரிந்துகொண்டிருக்கும். ஆபத்து அங்கேதான் உள்ளது.

"எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் மிகக் குறைவாகத்தானே செலவாகிறது. அது என்ன செய்துவிடும்?" என்று கேட்போர் உண்டு. சிறு விளக்கு ஒன்றுக்கு மூன்று வோல்ட் அளவே போதும் என்பது மெய். ஆயினும் மலிவாகக் கிடைக்கும் சீரியல் செட்டுகள் பல, அத்தகைய விளக்குகளை வரிசையாகக் கோத்து 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே மாட்டப்படுவன. ஜாயிண்ட் எனப்படும் இணைப்பில் நிற்பது அந்த 230 வோல்ட்டே. நனைந்த இணைப்பு இரும்புக் கதவில் பட்டிருக்க, வெறுங்காலுடன் ஒரு குழந்தை அக்கதவைப் பற்றினால் என்னாகும்? உயிரைப் போக்கச் சில பத்து மில்லியாம்பியர் போதும். எம்.சி.பி. அதனை உணரவும் மாட்டாது.

ஆதலின் விளக்கின் அழகுக்கு முன் இணைப்பைப் பார்த்தல் வேண்டும். ஒயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது வெளியிடத்துக்கு ஆகாது. வெயிலில் பசை இளகி, மடிப்புகளின் வழியே நீர் புகும். ரப்பர் வளையமும் திருகுமூடியும் உள்ள கனெக்டரே ஏற்றது. அவ்வளையம் ஒயரை இறுகப் பற்றுமாறு அளவு பொருந்தியிருக்க வேண்டும்.

பொருளின் மீது 'ஐ.பி.' என்று ஈரிலக்க எண் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். முதல் இலக்கம் தூசியையும், இரண்டாவது நீரையும் பற்றியது. 44 தெறிக்கும் நீரைத் தாங்கும்; 65 பீய்ச்சும் நீரைத் தாங்கும்; 67 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும். திறந்த மாடிக்கு 65க்குக் குறையாமல் வாங்குக. விளக்குச் சரத்துக்கு அவ்வெண் இருந்தும் பிளக்குக்கும் கனெக்டருக்கும் இல்லாதிருக்கக் கூடும், தனியே கேட்டறிக.

கட்டும்போது இணைப்பை உயரத்தில் வைத்து, ஒயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வழியும் நீர் இணைப்பை அடையாமல் கீழே சொட்டிவிடும். இவை எல்லாவற்றினும் நன்று, 12 அல்லது 24 வோல்ட் தோரணத்தை வாங்கி, அதன் அடாப்டரை வீட்டினுள் வைத்துக்கொள்வது.

நம்மிற் பலர் வாடகை வீட்டில் வாழ்கிறோம். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. வீட்டில் உண்டா என உரிமையாளரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டா. இருந்தால், திருநாளுக்கு முன் அதன் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இல்லையெனில், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்தச் செய்யலாம்.

அன்று பெருமழை பெய்தால் வெளிவிளக்குகளின் சுவிட்சை அணைத்துவிட்டு, நிலைவாயிலின் உட்புறம் ஓர் அகலை ஏற்றி வைப்போம். திருநாளுக்கு அதனால் குறையொன்றும் நேராது.