இருபது படிகளைப் பத்தாக்கலாமா?

பரந்தனிலிருந்து சகோதரி ஒருவர் சில வாரங்களுக்கு முன் எழுதிய கடிதம் இது: "கனடாவிலிருந்து வந்திருக்கும் என் மருமகன் தடித்த புத்தகமொன்றும் பல முகங்கள் கொண்ட பகடைகளும் கொண்டுவந்திருக்கிறான். பொழுதுபட்டதும் எங்கள் பிள்ளைகள் நால்வரும் அவனும் விறாந்தையிற் பாய் விரித்து அமர்ந்துவிடுகிறார்கள். கைத்தொலைபேசிகள் மூலையிற் கிடக்கின்றன, அதுவரையில் மகிழ்ச்சியே. ஆனால் இவ்விளையாட்டுக்கு இருபது படிகளாம். ஒரு கிழமையாகியும் இரண்டாம் படியிலேயே நிற்கிறார்கள். அவன் புறப்படப் பன்னிரண்டு நாட்களே உள்ளன. முடிவைக் காணாமற் பிரிந்தால் சின்னவளைத் தேற்ற முடியாது. படிகளைக் குறைத்தால் விளையாட்டுக் கெட்டுவிடுமா?"

அவருக்கு அன்றே தனிக்கடிதம் எழுதிவிட்டேன். கடல்கடந்த உறவினர் விடுமுறைக்கு வந்து செல்லும் வீடுகள் வன்னியிற் பல உள்ளமையால், அதன் சாரத்தை இங்கும் தருகிறேன்.

விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கியளித்தது. ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் போர்வீரன், மந்திரவாதி, பூசகர், கள்வன் என ஆளுக்கொரு வேடம் பூண்டு, தாம் செய்வதை வாயாற் சொல்லிப் பகடை உருட்டுவர். பரமபதத்திற் காய் ஏறுகின்றது. இங்கே ஆளே ஏறுகின்றான். ஒவ்வொரு படியிலும் வலிமை கூடும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி இரண்டாம் படிக்கு 300 அனுபவப் புள்ளிகள் போதும். பதினோராம் படிக்கு 85,000. இருபதாம் படிக்கோ 355,000! கிழமைக்கொரு நாள் கூடுவோர் ஆண்டுக்கணக்கில் ஏறவேண்டிய மலையன்றோ இது?

படிகளைக் குறைப்பது பாவமுமன்று, புதுமையுமன்று. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் இருபது படிகள் வகுத்தோரின் தலைவர் ஜொனதன் ட்வீட். 2008இல் அதை முப்பதாக நீட்டியோரின் தலைவர் ரொப் ஹைன்சூ. இவ்விருவருமே பின்னர் ஒன்றுகூடி, 2013இல் 'தேர்ட்டீன்த் ஏஜ்' என்னும் விளையாட்டைப் பத்தே படிகளுடன் வெளியிட்டனர். நீண்ட ஏணி கட்டிய தச்சரே குட்டை ஏணியும் செய்தனர் என்றால், நாம் தயங்குவானேன்?

எதைக் குறைப்பது என்பதிலேதான் சூட்சுமம் இருக்கின்றது. நம் கமக்காரர் இதை நன்கறிவர். இரணைமடு நீரை நம்பிச் சிறுபோகம் செய்வோர், நீரின் அளவைப் பார்த்தன்றோ நெல்லின் வயதைத் தீர்மானிக்கின்றனர்? பிஜி 300 மூன்று மாத நெல். பிஜி 352 மூன்றரை மாதம். பிஜி 450 நாலரை மாதம். வயது குறைந்த நெல்லிற் குறைவது பெரும்பாலும் இலையும் மட்டமும் விட்டு வளரும் முற்பருவமே. கதிர் கருக்கொண்டு, குடலைப் பருவம் கடந்து, பூத்து, மணி முற்றுவதற்கு எந்த நெல்லுக்கும் ஏறத்தாழ 65 நாட்கள் வேண்டும். அதைக் குறைத்தவர் எவருமில்லை.

இவ்விளையாட்டிலும் கதிர் பறியும் படிகள் மூன்று உண்டு. ஐந்தாம் படியிற் போர்வீரன் ஒரே முறையில் இருதடவை தாக்கும் வல்லமை பெறுகிறான். மந்திரவாதி தீக்கோளம் எறியத் தொடங்குகிறான். பதினொன்றில் வீரனுக்கு மூன்றாம் தாக்குதல். பதினேழில் மந்திரவாதி தன் உச்ச மந்திரங்களை அடைகிறான். இவை ஒவ்வொன்றும் தனித்து நிற்கட்டும்; இடையிலுள்ளவற்றை ஒன்றுசேர்க்கலாம். புத்தகத்துப் படிகளை 1, 2-3, 4, 5, 6-8, 9-10, 11, 12-16, 17, 18-20 எனக் கட்டினால் பத்தாகிவிடும்.

பத்தாம் படியோடு நிறுத்திவிட்டால் என்ன என்று மூத்த பையன் கேட்டானாம். எனக்கு அது உடன்பாடன்று. போர்வீரன் தொடக்கத்திலேயே மிடுக்காயிருப்பான்; மந்திரவாதியோ பிந்திப் பழுக்கும் மரம். பாதியில் வெட்டினால் நட்டம் முழுவதும் மந்திரவாதி வேடம் பூண்ட பிள்ளைக்கே. (சின்னவள்தான் மந்திரவாதி என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தது.)

ஒரு மாலைக்கு ஒரு புதுப்படி என வைத்தால், இரண்டிலிருந்து பத்துவரை ஒன்பது மாலைகள். எஞ்சிய மூன்றும் இறுதிப் போருக்கு. பல படிகள் சேரும் நாளில் உயிர்ப்புள்ளிகளை முழுமையாகக் கூட்டலாம். புதுத் திறமைகளிலோ ஒன்றிரண்டை மட்டும் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். ஐந்து படிகளின் திறமைகளையும் ஒரே இரவிற் கொடுத்தால் எதையுமே கையாளத் தெரியாமல் விழிப்பாள்.

கதையை நடத்துபவருக்கு ஓர் எச்சரிக்கை. எதிரிகளைப் பழைய எண்ணைக் கொண்டே தெரிந்தெடுக்க வேண்டும். புதிய ஐந்தாம் படி என்பது புத்தகத்தில் எட்டாம் படி. புதிய எட்டு, புத்தகத்திற் பதினாறு. கொப்பியில் இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவைத்துக்கொண்டால், ஐந்தாம் படிக்குரிய பூதத்தை எட்டாம் படிக்காரர் ஒரே அடியில் வீழ்த்திவிட்டு, "இவ்வளவுதானா, அண்ணா?" என்று கேட்க நேராது.