மவுத்தில் ஐயம் வேண்டா

"நெஞ்சு துடிக்கிறதே, உடல் சுடுகிறதே, இவரை மய்யித்து என்று எவ்வாறு ஏற்பது?" தீவிர சிகிச்சைக் கூடத்தின் வாயிலில் நின்று ஒரு தாய் கேட்கும் இக்கேள்விக்கு நம்மவரிடம் இரண்டு விடைகள் ஆயத்தமாக உள்ளன. "உறுப்புகளைப் பறிக்கும் சூழ்ச்சி, நம்பாதீர்" என்பர் ஒரு சாரார். "மருத்துவர் சொல்லிவிட்டார், மறுபேச்சுப் பேசாதீர்" என்பர் மறு சாரார். முன்னவர் மருத்துவம் அறிந்திலர். பின்னவர் ஃபிக்ஹு அறிந்திலர்.

இதயத் துடிப்பே உயிருக்குச் சான்று என்போர் ஒன்றை உணர்தல் வேண்டும். இதயம் மூளையின் ஆணைக்குக் காத்திராமல் தானே துடிக்கவல்லது. சுவாசக் கருவி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தும் வரை, மூளை அழிந்த பின்னும் அது சில காலம் துடிக்கும். மேலும், இதயம் நிற்பதே மவுத்து என்று திருமறை வரையறுத்ததா? இல்லை. பாதங்கள் தளர்தல், மூக்குச் சாய்தல், நெற்றிப்பொட்டு உள்வாங்குதல் என நம் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் அடையாளங்களை எண்ணுகின்றன. அவை நஸ்ஸு அல்ல. அறிஞர்கள் கண்ணாற் கண்டு எழுதியவை. திடீரென மாண்டவரிடத்தில் ஐயம் எழுந்தால், மவுத்து எகீனாகும் வரை தாமதிக்கவும் அந்நூல்களே பணிக்கின்றன. ஆக, அடையாளங்கள் பெருகலாம். எகீன் என்னும் நிபந்தனை மாறாது.

அந்த எகீனைத் தேடும் வழிகளுள் ஒன்றே மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுத்தல். உடல் எடையில் மூளை 2 விழுக்காடே; ஆயினும் இதயம் இறைக்கும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைப் பெறுகிறது. மூளை வீங்கி, மண்டையோட்டினுள் அழுத்தம் இரத்த அழுத்தத்தை மிஞ்சினால் இரத்தம் உட்புக இயலாது. தமனிகளில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே கொண்டோ, டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளைச் சிரையில் ஏற்றிக் காமாக் கேமரா கொண்டோ இதனைக் காணலாம். முகத்திலும் தலைத்தோலிலும் இரத்தம் ஓடுவது தெரியும். மண்டையோட்டின் உட்புறமோ வெறுமையாய்த் தோன்றும்.

எனினும் படமே இறுதித் தீர்ப்பு எனக் கொள்வதும் பிழையே. மண்டையோடு உடைந்தவரிடத்தும், அறுவையால் அதன் ஒரு பகுதி அகற்றப்பட்டவரிடத்தும், பச்சிளங் குழந்தையிடத்தும், மூளை செயலிழந்த பின்னும் சிறிது இரத்தம் ஓடக்கூடும். ஆகவே நோயாளியை நேரிற் சோதிப்பதே முதன்மை. படம் துணைச் சான்று. முகக் காயத்தால் கண்களைச் சோதிக்க இயலாதபோதும், மயக்க மருந்து உடலில் எஞ்சியுள்ளபோதும், கருவியை நிறுத்தித் தன்மூச்சைச் சோதிப்பது ஆபத்தாகும்போதும் அத்துணை இன்றியமையாதது.

1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, மூளையின் பணிகள் யாவும் முற்றாக நின்று, இனி மீளாது என நிபுணர் தீர்மானித்து, மூளை சிதையவும் தொடங்கிவிட்டால் அதனை மவுத்தாக ஏற்றது. 1987இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹு சபையோ, கருவியை அகற்றலாம், ஆயின் இதயமும் மூச்சும் நின்ற பின்னரே மவுத்தின் ஹுக்மு பொருந்தும் என்றது. இத்தாவும் வாரிசுரிமையும் எந்நேரம் முதல் என்பதில் இக்கருத்து வேறுபாடு பெரிது. ஆயினும் மூளை மீளாது என்பது உறுதிப்பட்டபின் கருவியை அகற்றலாம் என்பதில் இரு சபையாரும் ஒன்றுபட்டனர்.

நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டம், உறுப்புக் கொடைக்கு முன் நான்கு மருத்துவர் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும் என்கிறது. இரத்த ஓட்டப் படத்தை அது கட்டாயமாக்கவில்லை. எனவே கேட்கும் கடமை நம்முடையது. "சோதனைகள் யாவும் முழுமையாக நிறைவேறினவா? நிறைவேறாதவிடத்துப் படமெடுத்தீர்களா?" என்று பணிவோடும் தெளிவோடும் கேளுங்கள். கேட்பது அவமதிப்பன்று. விடை தெளிவாகக் கிடைத்தபின் வதந்தியைப் பற்றிக்கொண்டு ஜனாஸாவைக் கருவியில் கிடத்தி வைப்பது மார்க்கப் பற்றும் அன்று. உலமாப் பெருமக்களே, அத்தாய் நம் மதரஸா வாயிலுக்கும் வருவாள், விடையறிந்து காத்திருப்போம்.