தில்லையைக் காட்டாத படகு

பிச்சாவரத்துக் கண்டற்காட்டிற்குள் நாள்தோறும் படகுகள் செல்கின்றன. ஏறியோர் நிழற்படம் எடுக்கின்றனர், 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படமாக்கப்பெற்ற இடம் இதுவெனக் கேட்டு மகிழ்கின்றனர், கரையிறங்கிப் போகின்றனர். கற்றது யாது? கழகப் புலவர் கண்டல் எனப் பாடிய மரத்தைக் கண்முன் கண்டும் 'மாங்குரோவ்' என்று சொல்லி மீளுதல் தமிழர்க்கு இழிவன்றோ?

தில்லைக் கோயிலுக்கு ஆயிரவர் செல்கின்றனர். அவ்வூர்க்குப் பெயரீந்த தில்லைமரம் இக்காட்டில் இன்றும் நிற்கின்றது. அதன் பால் பட்டாற் கண் கெடும். பெயரைத் தொழுவார், மரத்தை அறியார்!

இக்காடு கதவில்லாப் பள்ளி. சுரபுன்னை முட்டுவேரூன்றிச் சேற்றில் நிற்பதையும், அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு வீழ்வதையும், வெண்கண்டல் மூச்சுவேர்களை மேல்நீட்டிக் காற்றுண்பதையும் எவ்வகுப்பறையிற் காணலாகும்? முன்னாளிற் கூறுகூறாக மரங்களை வெட்டிச் சாய்த்தமையால் மண் தாழ்ந்து, ஏறிய கடல்நீர் வடியாது தேங்கி, உப்பு மிகுந்து, நிலம் பாழ்பட்டது. 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை ஏறியிறங்கச் செய்த பின்னரே அவ்விடங்கள் மீண்டும் தழைத்தன. 2004 திசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையின் கடுமையைத் தணித்ததும் இக்காடே.

"சுற்றுலா களிப்பிற்கன்றோ? பாடம் எதற்கு?" என்பார் உளர். அறிதலினும் பெருங்களிப்பு யாது? கல்வி பள்ளிப் பருவத்தோடு முடிவதன்று. இளமையிலேயே பள்ளியை விட்ட உழைப்பாளிக்கும், அடுப்படியிலேயே அகவை கழிந்த தாய்க்கும் இவ்வொரு மணிப்பொழுதே வகுப்பு. அதனையும் வெறும் வேடிக்கையாக்குவது அவர்தம் உரிமையைப் பறிப்பதாகும்.

ஆட்சியாளர் செய்யத்தக்கது அரிதன்று. நீரோட்டமும் நண்டும் இறாலும் அறிந்த மீனவரையும் இருளரையும் ஆசிரியராக்கி, அதற்குரிய ஊதியம் தருக. அண்மையிற் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு நடுவம் உள்ளது. அங்குள்ள அறிவு ஆங்கிலத் தாள்களில் அடைபட்டுக் கிடத்தல் வேண்டா. தமிழிற் சிறுநூலொன்று அச்சிட்டுப் படகுச்சீட்டோடு வழங்குக. வாய்க்கால்தோறும் மரங்களின் தமிழ்ப்பெயர் தாங்கிய பலகை நிறுத்துக.

பெயரை மறந்தவன் மரத்தையும் மறப்பான். மறந்த மரத்தை வெட்டக் கை கூசாது. ஆகவே, தமிழ்ப்பெயர் காத்தல் மொழிப்பணி மட்டுமன்று, கரைகாக்கும் பணியுமாம். தமிழ்மக்காள்! அடுத்தமுறை படகேறுங்கால், "தில்லை எது?" என்று கேண்மின்! விடை கிடைக்கும்வரை கேண்மின்!