போனுக்கும் எக்ஸ்பைரி தேதி இருக்கு... பெட்டியில் ஏன் இல்லை?

“புதிய அப்டேட் தயார். இப்போதே நிறுவவா?” என்று போன் கேட்டால், நம்மில் பலர் ‘பிறகு’ என்று தள்ளிவிடுகிறோம். “டேட்டா காலியாயிடும்”, “போன் ஸ்லோ ஆயிடும்”, “இப்ப நல்லாத்தானே ஓடுது” என்று காரணங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால், அந்த அறிவிப்பு வருவது நின்றுபோனால்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும்.

அப்படி என்னதான் மாறுது?

ஐகானின் வடிவம், திரையின் நிறம் போன்ற மாற்றங்கள் உடனே கண்ணில் படும். முக்கியமான மாற்றங்கள் உள்ளேதான் நடக்கின்றன. ஆண்ட்ராய்டையே எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு 6 வருவதற்கு முன்பு, ஒரு செயலியை இன்ஸ்டால் செய்யும்போதே அது கேட்கும் எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். டார்ச் லைட் செயலி உங்கள் கான்டாக்ட்ஸைக் கேட்டாலும், ‘வேணும்னா போடு, இல்லைன்னா விடு’ என்பதுதான் நிலை. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல்தான் கேமரா, இருப்பிடம், கான்டாக்ட்ஸ் போன்ற அனுமதிகளைத் தனித்தனியாக மறுக்க முடிந்தது.

‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ இருப்பிடத்தைக் காட்டும் வசதி 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ல் வந்தது. ‘இந்த ஒருமுறை மட்டும்’ என்ற தேர்வு ஆண்ட்ராய்டு 11-ல் சேர்ந்தது. கேமராவோ மைக்கோ இயங்கினால் திரையின் மூலையில் பச்சைக் குறி தெரியவைத்தது ஆண்ட்ராய்டு 12. நோட்டிஃபிகேஷன் அனுப்பவே உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றது 13. மொத்த கேலரியையும் திறந்துவிடாமல், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டலாம் என்றது 14. இப்படி ஒவ்வொரு வெர்ஷனும் செயலிகளின் கையில் இருந்த பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கைக்கு மாற்றியிருக்கிறது.

என் போனுக்கு ஏன் வரலை?

கூகுள் புதிய ஆண்ட்ராய்டை வெளியிட்ட உடனே அது எல்லா போனுக்கும் வந்துவிடாது. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் அதைத் தங்கள் சிப்புக்கு ஏற்றபடி தயார்செய்ய வேண்டும். பிறகு போன் நிறுவனம் தன் சொந்தத் தோற்றத்தையும் வசதிகளையும் சேர்த்து, ஒவ்வொரு மாடலிலும் சோதிக்க வேண்டும். இதற்கு ஆளும் பணமும் தேவை. விற்று முடித்த பழைய மாடலுக்காக அதைச் செலவிட நிறுவனங்கள் தயங்குகின்றன.

இந்தச் சிக்கலைக் குறைக்க, கூகுள் 2017-ல் ‘ட்ரெபிள்’ திட்டத்தின் மூலம் சிப் சார்ந்த பகுதியைத் தனியே பிரித்தது. 2019 முதல் சில முக்கியப் பகுதிகளைத் தானே நேரடியாக அப்டேட் செய்கிறது. ஆப்பிளுக்கு இந்தத் தலைவலி குறைவு. சிப்பை வடிவமைப்பது, போன், மென்பொருள் மூன்றும் ஒரே கையில் இருப்பதால், 2015-ல் வந்த ஐபோன் 6எஸ், 2021-ல் வெளியான ஐஓஎஸ் 15 வரை பெற்றது.

பழசாவே இருந்தா என்ன?

2015-ல் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. விஷமமாகத் தயாரித்த ஒரு எம்எம்எஸ் மூலமே ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழைய அது வழிவிட்டது. அதன் பிறகே கூகுள் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தொடங்கியது. இன்று நம் வங்கிக் கணக்கு, யுபிஐ, ஆதார் நகல் எல்லாமே போனில்தான் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு குறைபாடுகள் பற்றி இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு எச்சரிக்கும்போது சொல்லும் தீர்வு, ‘அப்டேட் செய்யுங்கள்’ என்பதுதான். அப்டேட்டே வராத போனை வைத்திருப்பவர் என்ன செய்வார்?

ஸ்லோ ஆயிடுமே?

இந்த பயம் ஆதாரமில்லாதது அல்ல. பேட்டரி தேய்ந்த சில ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாமல் இருக்க, அப்டேட் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பிறகு மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. அடுத்த ஆண்டே, பேட்டரியின் நிலையைப் பயனாளரே பார்க்கும் வசதியும் வந்தது. மக்கள் கேள்வி கேட்டதால்தான் இது நடந்தது. அப்டேட்டையே தவிர்ப்பதைவிட, என்ன மாறுகிறது என்று கேட்பதே நல்லது.

வாங்கும்போது என்ன கேட்கணும்?

2023-ல் வந்த பிக்சல் 8-க்கும், 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டுகள் அப்டேட் என்று அறிவிக்கப்பட்டது. விலை குறைந்த பல போன்களுக்கு இந்தக் காலம் மிகவும் குறைவு. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த ஆண்டுகள் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பிக்சல் 8-ஐ 2026 அக்டோபரில் வாங்கினால், மிச்சம் 4 ஆண்டுகள்தான். ஆஃபரில் கிடைக்கும் பழைய மாடல் உண்மையிலேயே மலிவா என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை கிடைக்கும் என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவிப்பது கட்டாயம். இங்கேயும் அது வேண்டும். போன் பெட்டியில் விலையும் தயாரித்த மாதமும் அச்சாகின்றன. ‘இந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு’ என்று கூடுதலாக ஒரு வரி அச்சடிக்க நிறுவனங்களுக்கு என்ன கஷ்டம்? அந்த வரியைக் கட்டாயமாக்க வேண்டியது அரசின் பொறுப்பு.

அதுவரை உங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய், கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்க. ஒரு வருஷத்துக்கு மேல் பழசாக இருந்து, புதுசு எதுவும் வரவில்லை என்றால், அந்த போனில் வங்கிச் செயலியை வைத்திருப்பது பற்றி யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்டேட் வந்து காத்திருந்தால், போட்டோக்களை பேக்கப் எடுத்துவிட்டு, வைஃபையில் இன்று இரவே போட்டுவிடுங்க!